சொட்டாசுரன் உருவான கதை

"அப்பா, அடுத்த வாரம் இல்ல, அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை நிதீஷ் வீட்ல பேச வர்றாங்க," என்றாள் கவிப்ரியா.

சின்னத்தம்பி தூரிகையைக் கீழே வைத்தார். "எந்த நிதீஷ்?"

"மேல் வீட்டு நிதீஷ்தான். எட்டாம் மாடி. ரெண்டு வருஷமா பழகுறோம். அவங்கப்பா சரின்னுட்டாரு."

பெண் இப்படிச் சொன்னால் ஓர் அப்பா கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ உண்டு. சின்னத்தம்பி அவசரமாக மேசையை மறைத்துக்கொண்டு நின்றார். ஏனென்றால், மேசைமேல் மை காய்ந்துகொண்டிருந்த படத்தில் நிதீஷின் அப்பா ராமலிங்கம் பத்து விரல்களாலும் ஊர்முழுக்கத் தண்ணீரைச் சொட்டவிட்டுப் பேய்ச் சிரிப்புச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சின்னத்தம்பி பகலில் செம்பவாங் கப்பல் பட்டறையில் குமாஸ்தா. மற்ற நேரத்தில், தேக்கா கடைவீதியிலிருந்து மாதமொருமுறை வரும் 'மாடிவீரன்' படக்கதைக்கு ஓவியர். அதில் சொட்டாசுரன் என்றொரு சில்லறை வில்லன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைப் பக்கம் வருவான், மாடிவீரனிடம் ஒரு குத்து வாங்குவான், போய்விடுவான். வாசகர்களில் பாதிப் பேருக்கு அவன் பெயர்கூடத் தெரியாது.

ஆனால் சின்னத்தம்பிக்கு அவன்மேல் தனி அக்கறை. அந்த வழுக்கை, காதோர முடி, பச்சைக் கட்டம்போட்ட கைலி எல்லாமே ராமலிங்கத்தைப் பார்த்து வரைந்தவை. காரணம் இல்லாமல் இல்லை. மனைவி காலமான பிறகு சின்னத்தம்பி தம் சட்டைகளைத் தாமே துவைத்தார். முறுக்கிப் பிழிந்தால் கசங்கும் என்று அப்படியே மூங்கில் கழியில் மாட்டி, ஏழாம் மாடி ஜன்னலுக்கு வெளியே நீட்டி, நீவி நீவிக் காயவைப்பார். அவ்வளவு பக்குவமாகக் காயும் சட்டைமேல் எட்டாம் மாடிக் கைலி சொட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்? புக்கிட் பாத்தோக் அடுக்குமாடிக்கு வந்த எட்டு வருஷமும் இதே கூத்து. மேலே போய்க் கேட்கத் தைரியம் இல்லை. வரைந்து ஆற்றிக்கொண்டார்.

கெட்ட நேரம் பாருங்கள், இந்த மாதம் முழு இதழையும் சொட்டாசுரனின் பூர்வ கதைக்கே ஒதுக்கியிருந்தார்கள்.

சின்னத்தம்பி இதழின் ஆசிரியை சாமுண்டீஸ்வரிக்குப் போன் செய்தார். "அம்மா, இந்த மாசம் வேற வில்லனைப் போட்டுக்கலாமா?"

"அட்டை அச்சாயிடுச்சுண்ணே. பேரைப் பெருசா போட்டாச்சு, இனிமே மாத்த முடியாது லா. உள்ள மூஞ்சியை வேணும்னா மாத்திக்குங்க. நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள குடுத்துடணும்."

மூஞ்சிதானே, மாற்றிவிட்டால் போச்சு. வழுக்கையில் முடி வளர்த்தார். காதோர முடியை அழித்தார்.

காப்பி கொண்டுவந்த கவிப்ரியா எட்டிப் பார்த்தாள். "ஏம்பா நிதீஷை வரைஞ்சிருக்கீங்க?"

அவசரமாகக் கன்னத்தை உப்பவைத்துக் கண்ணாடி மாட்டினார்.

"இப்போ அவங்கம்மா மாதிரி இருக்கு." படத்தையே பார்த்தவள், கீழே கிடந்த பழைய படத்தையும் எடுத்தாள். முகம் மாறிவிட்டது. "அப்பா, இது மேல் வீட்டு மாமாதானே?"

"அவரு கைலி சொட்டுதும்மா," என்றார், பிடிபட்ட பள்ளிக்கூடப் பையன்போல.

"கெடுத்தீங்க. அவரு பாத்தா இந்தக் கல்யாணம் நடக்காதுப்பா." அவள் குரல் உடைந்தது. அம்மா போன பிறகு அவள் அழுது அவர் பார்த்ததில்லை.

"ஏதாவது செய்யறேம்மா."

"மூஞ்சிய விடுங்க, கதைய மாத்துங்க. படிக்கிறவங்களுக்கு அவன்மேல பாவமா இருக்கணும்."

பழைய வழுக்கைக்கே திரும்பி, அடர்ந்த தாடி ஒன்றை ஒட்டினார். தாடி வைத்த ராமலிங்கம் கிடைத்தார். இனிக் கதைதான் கதி. ஆனால் எழுதும் கதை ராமலிங்கத்தின் வாழ்க்கையோடு ஒத்துப்போய்விட்டால் குடி முழுகிவிடுமே. எதற்கும் விசாரித்துக்கொள்வோம் என்று மின்தூக்கியில் அவரைப் பிடித்தார்.

"சின்ன வயசுல நீங்க ரொம்பக் கஷ்டப்பட்டீங்களோ?"

"எனக்கென்னண்ணே கஷ்டம்? எங்க வீட்டுக்குத் துணி துவைக்க டோபியே வருவாரு." ராமலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "ஓ, உங்க புக்குக்கா? என்னையவா போடப் போறீங்க? முதல்லயே சொல்லக்கூடாதா? பத்து காப்பி வாங்கி சொந்தக்காரங்களுக்கெல்லாம் குடுத்துடறேன்."

"அதெல்லாம் இல்லைங்க, சும்மாதான் கேட்டேன்."

"சும்மா யாரு கேப்பா?"

மின்தூக்கியின் மூலையில் ஆறாம் மாடி அன்னம்மா நின்றுகொண்டு சின்னத்தம்பியை முறைத்தார். எட்டு வருஷமாக அந்தம்மா அவரைப் பார்த்து ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. பல்லில் ஏதோ கோளாறு என்று அவர் முடிவுகட்டிப் பல நாளாயிற்று.

டோபி வந்த வீட்டுக் கதை வேண்டாம். அப்படியானால் டோபி வராத வீட்டுக் கதை. அது அவருக்குத் தெரியும். ஒரே ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருந்த பையன். அம்மா அதைத் தினமும் சாயங்காலம் துவைப்பாள். மழைக்காலத்தில் காயாது. ஈரத்தோடு பள்ளிக்கூடம் போவான். ஒருநாள் வகுப்பில் அவன் காலடியில் தண்ணீர் சொட்டிக் குளம் கட்டியது. ஆசிரியர் அவனையே துடைக்கச் சொன்னார். வகுப்பே சிரித்தது. துடைத்தபடியே பையன் நினைத்தான்: ஒருநாள் இந்த ஊரே நனையட்டும்.

வரைந்து முடித்தபோது சின்னத்தம்பிக்குக் கண் மறைத்தது. ஐம்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததை ஒரு வில்லன் தலையில் கட்டியாயிற்று.

புத்தகம் வந்தது. ராமலிங்கம் சொன்ன சொல் தவறாமல் பத்து பிரதி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை மனைவி, மகனோடு, பழத்தட்டோடு வந்து சோபாவில் உட்கார்ந்தார். கையில் சொட்டாசுரன் இருந்தான்.

"படிச்சுட்டு அழுதுட்டேண்ணே," என்றார். "அந்தப் பையன் தரையைத் துடைக்கிறான் பாருங்க, மனசே கேக்கல."

சின்னத்தம்பிக்கு உயிர் வந்தது. "கேசரி எடுத்துக்குங்க."

"ஆனா ஒண்ணு. இந்த மூஞ்சிய எங்கயோ பாத்த மாதிரி இருக்கு லா." அவர் கட்டைவிரலால் தாடியை மறைத்துப் பார்த்தார். "நிதீஷ், நீ பாரேன்."

நிதீஷ் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். மறுபடி புத்தகத்தைப் பார்த்தான். கவிப்ரியா கேசரித் தட்டை அவசரமாக இருவருக்கும் நடுவே நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. சின்னத்தம்பி ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அன்னம்மா நின்றார். ஒரு கையில் 'மாடிவீரன்', மறு கையில் புதுச் சட்டை ஒன்று. எட்டு வருஷத்தில் முதல்முறையாகச் சிரித்தார். பல்லெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"படிச்சேன் தம்பி. தாடிய ஒட்டிட்டா ஆள் தெரியாதா? சொட்டாசுரன் யாருன்னு முதல் பக்கத்துலயே கண்டுபிடிச்சுட்டேன்."

சின்னத்தம்பி கதவைப் பாதி சாத்தப் பார்த்தார். உள்ளேயிருந்து ராமலிங்கம் புத்தகத்தோடு எழுந்து வந்தார்.

"யாரும்மா அது?"

"வேற யாரு, இவருதான். எட்டு வருஷமா சட்டையப் பிழியாம காயப்போட்டு, கீழ எங்க துணியெல்லாம் நனைச்சவரு, இவ்வளவு கஷ்டத்துல வளந்த பிள்ளைன்னு தெரியாம நானும் தினம் திட்டிக்கிட்டே இருந்துட்டேன்."