காந்த வளையமும் ஈரத் துண்டும்

அந்த உடற்பயிற்சிக் கூடத்தில் இப்போது யாரும் இரும்பைத் தொடுவதில்லை. தொடுவானேன்? காந்த வளையம் வந்துவிட்டதே! கையில் மாட்டினால் போதும். முட்டி வலி முதல் முன்கோபம் வரை எல்லாம் ஓடிப்போகுமாம். இத்தனை காலம் வியர்வை சிந்தியவர்கள் எல்லாம் வடிகட்டின முட்டாள்கள் என்று ஆகிவிட்டது. மாலையானால் வரிசை வாசலைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கி, கீழே சலவைக் கடை வரை நீளும். கடைக்காரரும் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டார்.

வளையம் விற்றவருக்குக் ‘காந்த மாஸ்டர்’ என்று பெயர். வைத்தது யார்? அவரேதான். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், வெள்ளை ஷூ. “டாக்டரா சார்?” என்று கேட்டால், “அதுக்கும் மேல” என்பார்.

“காலைச் சேர்த்து வெச்சு நில்லுங்க. கையைப் பக்கவாட்டுல நீட்டுங்க” என்பார். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து அழுத்துவார். ஆள் சாய்ந்துவிடுவார். பிறகு வளையத்தை மாட்டி மறுபடி அழுத்துவார். அந்தக் கையைப் பிடித்துத் தொங்காத குறை! ஆள் அசையமாட்டார். கூட்டம் வாயைப் பிளக்கும். பிளந்த வாய் மூடுவதற்குள் வளையம் விற்றுவிடும்.

அங்கே பயிற்சிக்கு வந்திருந்த உடலியக்கவியல் மாணவிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. காலையில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம், மாலையில் இந்தக் கூடம் என்று ஓடிக்கொண்டிருந்தவள் அவள். முட்டி அறுவை சிகிச்சை முடிந்த தன் அத்தைக்கு, காலைத் தூக்கி இறக்கும் பயிற்சியை அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அத்தையும் ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தாள், வளையம் வரும்வரை.

“எதுக்குடி காலைத் தூக்கிக்கிட்டு? அதான் காந்தம் பாத்துக்குதே” என்றாள் அத்தை.

காந்தம் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டது. குளியலறை வாசலில் முட்டி மடங்கி அத்தை விழுந்தாள். மோவாயில் தையல். காந்தம் கையில் பத்திரமாக இருந்தது.

மறுநாள் மோவாயில் பிளாஸ்திரியோடு மாஸ்டரிடம் போனாள் அத்தை. திருப்பிக் கொடுக்கவா? இல்லை, ஆலோசனை கேட்க! மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை என்று நினைக்கிறீர்களா? அவர் சிரித்தார். “ஒரு கையில மட்டும் போட்டா சக்தி ஒருபக்கமா இழுக்கும்மா. அதான் விழுந்துட்டீங்க. இன்னொரு கையிலயும் போடுங்க.”

அத்தை இரண்டாவது வளையத்தோடு வெளியே வந்தாள். மாணவிக்கு ரத்தம் கொதித்தது.

நேராகக் கூடத்து முதலாளியிடம் போனாள். “சார், இது ஏமாத்து வேலை.”

“தெரியும்மா. விக்கிற ஒவ்வொரு வளையத்துலயும் எனக்குப் பங்கு இருக்கு. உனக்கு இங்க பயிற்சி முடிச்ச சர்டிஃபிகேட்ல என் கையெழுத்து வேணுமா, வேணாமா?”

மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர்!

அன்றிரவு அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் பட்ட அவமானம் ஒன்று நினைவுக்கு வந்தது. சத்துப் பானம் குடித்தவர்கள், சாயத் தண்ணீர் குடித்தவர்கள் என்று இரண்டு கூட்டம். யார் உயரமாகக் குதிக்கிறார்கள் என்று அவளும் மற்ற மாணவர்களும் அளந்தார்கள். சத்துப் பானக் கூட்டம்தான் எல்லார் அளவிலும் ஜெயித்தது. ஆய்வு நடத்திய பேராசிரியை அம்மா சிரித்தார்: “ரெண்டும் சாயத் தண்ணிதான். நீங்க நம்புனதை உங்க கை அளந்திருக்கு. அளக்கிறவனுக்கு எது எதுன்னு தெரியவே கூடாது.”

அடுத்த மாலை, கூட்டம் நிரம்பி வழிந்த நேரத்தில் அவள் முன்னால் வந்தாள்.

“மாஸ்டர், வளையத்தைத் துண்டால மூடினா சக்தி குறையுமா?”

“சுவரையே துளைக்கும் தங்கச்சி. துண்டு எம்மாத்திரம்?”

“அப்ப ஒரு சின்னச் சோதனை. உடை மாத்துற அறையில நாலஞ்சு பேர் கையில துண்டைச் சுத்தி அனுப்புறேன். வளையம் இருக்கா இல்லையான்னு நீங்க அழுத்திப் பாத்துச் சொல்லுங்க.”

முதலாளி தூரத்திலிருந்து கண்ணை உருட்டினார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மாஸ்டர் இன்றைக்குச் சக்தி ஓய்வெடுக்கும் நாள் என்று நழுவப் பார்த்தார். “செஞ்சு காட்டுங்க மாஸ்டர்!” என்று அவருடைய பக்தர்களே அவரை மாட்டிவிட்டார்கள்.

முதலில் சலவைக் கடைக்காரர். மாஸ்டர் தயங்கித் தயங்கி அழுத்தினார். ஆள் கல்தூண். “வளையம் இருக்கு!” துண்டை அவிழ்த்தார்கள். பெண்கள் தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டு! அடுத்து ஒரு தடியர். தொப்பென்று சாய்ந்தார். “இல்லை!” அவிழ்த்தால் வளையம் மின்னியது. மூன்றாவது ஆள் கையில் சும்மா ஈரத் துண்டு. அதிலும் மாஸ்டர் காந்தத்தைக் கண்டார். அவர் சட்டைதான் அதைவிட ஈரமாகியிருந்தது.

“வித்தை வளையத்துல இல்லைங்க, விரல்லதான்” என்ற மாணவி, அந்தத் தடியரை மறுபடி நிற்கவைத்தாள். வளையத்தோடுதான். நீட்டிய கையைக் கீழே அழுத்தும்போது விரலைக் கொஞ்சம் வெளிப்பக்கம் இழுத்தாள். மலை சரிந்தது. இப்போது வளையத்தைக் கழற்றிவிட்டு, விரலை அவர் உடம்பின் பக்கமாகத் தள்ளி அழுத்தினாள். மலை அசையவில்லை. “வெளிய இழுத்தா உடம்போட பாரம் காலைத் தாண்டிப் போயிடும், விழுவீங்க. உள்ள தள்ளினா பாரம் காலுக்கே வந்துடும், நிப்பீங்க. அவ்வளவுதான். நீங்களே பக்கத்துல இருக்கிறவங்களை அழுத்திப் பாருங்க.”

கூடம் முழுக்க ஆளுக்கு ஆள் தள்ளிக்கொண்டு விழுந்தார்கள், எழுந்தார்கள், சிரித்தார்கள். அந்தக் கூடத்தில் வெகுநாளைக்குப் பிறகு நடந்த முதல் உடற்பயிற்சி அது! சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. வளையங்கள் மாஸ்டரின் மேஜையில் வந்து விழுந்தன. அவர் பின்வாசலைத் தேடினார். அங்கே தடியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசி ஆளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை மாஸ்டரால் நகர முடியவில்லை.

முதலாளி சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போடவில்லை. ஆய்வுக்கூடத்து அம்மா, நடந்ததைக் கேட்டுவிட்டு, தன் கூடத்தின் பேரில் போட்டுக்கொடுத்தார்.

அன்று மாலையே அத்தை இரண்டு வளையத்தையும் கழற்றிவிட்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, முனகிக்கொண்டே காலைத் தூக்கினாள். அப்போது, வளையத்துக்காக வரிசையில் நின்றிருந்தவர்களில் ஒருவர் மாணவியை ஓரமாகக் கூப்பிட்டார்.

“அந்த ரப்பர் பேண்டு எங்கம்மா கிடைக்கும்? சலவைக்காரர் கல்லு மாதிரி நின்னாரே!”

மாணவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சார், உங்க கை கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கழுத்துக்கு மேல ஒண்ணு பயிற்சியே இல்லாம கிடக்குது பாருங்க, முதல்ல அதுக்குக் கொஞ்சம் வேலை குடுங்க!”