எட்டைச் சொல்லாத இயந்திரம்

"படம்" என்றது கணினிக் குரல். அடுத்த பக்கத்துக்கும் அதே "படம்"தான்.

"சார், பரீட்சைத் தாள் முழுக்கப் படமா?" என்று கேட்டாள் மரால். எங்கள் ஊர் கிசிலோர்தாவின் கல்லூரியில் கண் தெரியாத மாணவி அவள் ஒருத்திதான்.

கணக்கு வாத்தியார் யெர்ஜாத் கையால் எழுதிய தாளைப் போட்டோ எடுத்து ஏற்றியிருந்தார். அதில் மெஷின் எதை வாசிக்கும்? திங்கட்கிழமை மெஷினைச் சோதிக்க ஆய்வதிகாரி வருகிறார். மெஷின் ஒழுங்காக வாசிக்காவிட்டால் மரால் தேர்வு எழுத முடியாது, ஓராண்டு வீண். "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று முதல்வரிடம் மார்தட்டியவரும் இவரே. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்கள் கேட்டோமா?

எல்லாவற்றையும் தட்டச்சு செய்தார். இப்போது மெஷின் வாய் திறந்தது. ஆனால் வர்க்கமூலக் குறியை விழுங்கியது, பின்னத்தின் கோட்டையும் விழுங்கியது.

"சார், இதுக்குப் படமே தேவலை" என்றாள் மரால்.

கேள்விகளை ஆளை வைத்துப் படித்துப் பதிந்து, மெஷின் குரல் என்று ஓட்டிவிடத் தீர்மானித்தார். தம் குரலில் பதிந்தால் ஊரே கண்டுபிடித்துவிடும். ஆகவே மனைவி குல்பாஷை மைக் முன் உட்கார வைத்தார். இதையெல்லாம் எங்கள் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டேன். வேண்டுமென்று கேட்கவில்லை, ஜன்னல் திறந்திருந்தது.

"மெஷின் மாதிரி உணர்ச்சியில்லாம படி."

"உங்க கூட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிட்டேன். அது வராதா?"

வந்தது. எட்டு வரும்வரை.

"ஏன் நிறுத்திட்டே?"

"உங்கப்பா பேரை நான் வாயால சொல்றதா?"

யெர்ஜாத்தின் அப்பா பெயர் செகிஸ்பாய். எங்கள் மொழியில் செகிஸ் என்றால் எட்டு. எங்கள் பக்கம் மருமகள் எவளும் மாமனார் பேரைச் சொல்லமாட்டாள். பேருக்குள் இருக்கும் சொல்லையும் சொல்லமாட்டாள்.

"அது வெறும் எண்ணுடி!"

"எண்ணு பக்கத்து ரூம்ல உக்காந்து டீ குடிக்குது. மெதுவா பேசுங்க."

கேள்விகளை மாற்றப் பார்த்தார். பதினெட்டு, இருபத்தெட்டு, நாற்பத்தெட்டு... தாள் முழுக்க அப்பாவே உட்கார்ந்திருந்தார். கடைசியில் குல்பாஷ் தன் வழியில் படித்து முடித்தாள்.

திங்கட்கிழமை ஆய்வதிகாரி ஷரிபா வந்தார். தலைநரைத்த அம்மாள்; தலைநகரிலிருந்து ரயிலில் வந்த களைப்பு. முதல்வர் பவுர்சாக் பலகாரத் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, யெர்ஜாத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

மெஷின் பேசியது: "மூன்று எக்ஸ் கழித்தல் ஏழுக்கு அண்ணன் சமம் ஒன்று."

முதல்வரின் டீ கோப்பையிலேயே நின்றது.

"எக்ஸ் மூணு" என்றாள் மரால் பட்டென்று. அவளும் இந்த ஊர்ப் பெண்தானே!

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் ஷரிபா.

மீண்டும் ஏழுக்கு அண்ணன் வந்தார். யெர்ஜாத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"சின்ன... உச்சரிப்புக் கோளாறு மேடம். புது மெஷின். அடுத்த பதிப்புல சரியாயிடும்."

ஷரிபா பேனாவைத் திறந்தார். மராலின் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். பிறகு யெர்ஜாத் பக்கம் குனிந்து, முதல்வருக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"சரியாகாது தம்பி. தலைநகர்ல நாங்க அங்கீகரிச்ச மெஷின் இன்னிவரைக்கும் ஒன்பதைச் சொன்னதில்லை. என் மாமனார் பேரு தோகிஸ்பாய்."