உலைக்காரர் வீட்டு ஊதாக் கல்

மச்சான் வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று உலைக்காரர் முடிவெடுத்தது ஒரு கல்யாண வீட்டில், கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றபோது. யாரோ ஒருவர் மச்சானிடம், "உங்க தங்கச்சி வீட்டுக்காரருக்கு என்ன வேலை?" என்று கேட்டார். மச்சான் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்: "கல்லு வறுக்கிறார்."

அவ்வளவுதான். சிரித்தவர்கள் யார் யார், முதலில் சிரித்தது யார், சிரித்து முடித்தபிறகும் நினைத்து நினைத்துச் சிரித்தது யார் என்பதெல்லாம் உலைக்காரருக்கு இன்றைக்கும் வரிசையாக ஞாபகம் இருக்கிறது. அந்த வரிசையில் பாதிப் பேர் செத்துப்போய்விட்டார்கள். அவர்களையும் அவர் மன்னிக்கவில்லை.

வறுக்கிற வேலையா அது? ஊதா நிறக் கற்களை மூசை என்கிற மண் குடுவைக்குள் மணலில் புதைத்து, உலையில் வைத்து, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். அப்புறம் அதே பொறுமையோடு ஆற்ற வேண்டும். திறந்தால், ஊதாவாகப் போனது மஞ்சளாக வந்திருக்கும். கல்லுக்குள் துளி இரும்பு இருக்கிறதாம், சூடு பட்டால் அது நிறத்தை மாற்றிக்கொள்கிறதாம். படித்தவர்கள் சொன்னார்கள். உலைக்காரர் அதை நம்பினாலும், மூசையைத் திறக்கும்போது இன்றைக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இதைத்தான் பேசுவார். மனைவி குழம்பை ஊற்றிவிட்டு, "இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டா?" என்பாள். காதிலேயே வாங்குவதில்லை. அந்தக் கோபம் தனி.

இப்போது மச்சானுக்கு முழங்காலில் ஆபரேஷன். காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்.

"இந்தத் தடவை நீங்களும் வரணும்" என்றாள் மனைவி.

"எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு."

"எத்தனை தடவைங்க சொல்றது? போன தடவை உங்களுக்கு மஞ்சள் காமாலை. அதுக்கு முன்னாடி முதுகுப் பிடிப்பு, அம்மை, காதுல சீழ். எல்லா வியாதியும் வந்து தீந்து போச்சு. பாக்கி இருக்கறது பிரசவம் ஒண்ணுதான்."

"நான் வரமாட்டேன்."

"எங்க அண்ணனுக்குக் கூடப்பிறந்தது நான் ஒருத்தி. அவருக்கும் வயசாச்சு, உங்களுக்கும் வயசாச்சு. ரெண்டு பேரும் பேசாமலே போய்ச் சேந்துட்டா நடுவுல நின்னு நான் யாருக்கு அழறது?"

அன்று சாயங்காலமே அவள் தெருக்கோடிக்குப் போய்க் கல்லம்மாவிடம் ஒரு கல் வாங்கி வந்துவிட்டாள்.

கல்லம்மா என்பவள் தலைவலிக்கு ஒரு கல், தூக்கத்துக்கு ஒரு கல், மாமியாருக்கு ஒரு கல் என்று கொடுத்துக் குணமாக்குகிறவள். உலைக்காரருக்கு வந்தது விரல் நீள ஊதாக் கல். கோபத்தை உறிஞ்சுமாம். தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். உறிஞ்சிய கெட்டது உப்பில் இறங்கிவிடுமாம்.

"கல்லைப் பத்தி எனக்கே சொல்றியா?" என்றார். பட்டறையில் அடுத்த மேசைக்காரர் கல்லுக்குச் சாயம் ஏற்றும் வேலை செய்கிறவர். அவரிடம் ஒரு நீலக் கல்லை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, உப்புத் தண்ணீரில் போட்டு ஜன்னல் ஓரம் வைத்தார். காலையில் தண்ணீர் முழுக்க நீலம்.

"பாத்தியா?" என்றார் வெற்றியோடு.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அடேங்கப்பா. எவ்வளவு கெட்டது இறங்கியிருக்கு. உங்க பையில கொஞ்ச நேரம் இருந்ததுக்கே இவ்வளவா?"

"அது சாயம்டி."

"உங்களுக்குக் கோபம்னு பேரு, கல்லுக்குச் சாயம்னு பேரு. இறங்கினாச் சரி."

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுத் தையல்காரர் தைத்த சட்டையோடு வந்து நின்றார். மனைவி அவரையும் சேர்த்துக்கொண்டாள். "கேளுங்க டெய்லர் சார். கோபம் முழுக்க உறிஞ்சி முடிச்சதும் இந்தக் கல்லு மஞ்சளாயிடுமாம். கல்லம்மா சொல்றாங்க."

உலைக்காரர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஊதாக் கல் மஞ்சளாக வேண்டுமென்றால் அடுப்படிச் சூடு போதாது. அதற்கு வேண்டிய சூடு இந்த ஊரிலேயே ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அதன் கதவு அவர் கையில் இருக்கிறது. சபதம் போட இதைவிடப் பத்திரமான விஷயம் உலகத்தில் உண்டா?

"இந்தக் கல்லு மஞ்சளாகட்டும். அன்னிக்கே உங்க அண்ணன் வீட்டுக்கு வந்து, அவர் கையால டீ வாங்கிக் குடிக்கிறேன்."

"எப்படி ஆனாலுமா?"

"எப்படி ஆனா எனக்கென்ன? ஆகட்டும்."

"நான் கேட்டுக்கிட்டேன்" என்றார் தையல்காரர், வாயில் குண்டூசியோடு.

கல்லை மாற்றி வைத்து ஏமாற்றிவிடுவாளோ என்பதையும் உலைக்காரர் யோசித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலையில் எலி கடித்ததுபோல் சின்ன உடைசல். அதை அடையாளம் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

சில நாள் கழித்துத் தலையணைக்கு அடியில் கல்லைக் காணோம்.

"உப்புக்குள்ள புதைச்சிருக்கேன்" என்றாள். "களைச்சுப் போயிருக்குமாம், ஓய்வு குடுக்கணுமாம். டப்பாவைத் திறக்கக் கூடாது. திறந்தா உங்க கோபம் வீடு பூரா பரவிடும்."

"உப்புக்குப் பிடிச்ச கேடு" என்று சொல்லிவிட்டு உலைக்காரர் வேலைக்குப் போனார். போன அவசரத்தில் சாப்பாட்டு டப்பாவை எடுக்கவில்லை. எப்போதும் வாசலில் தயாராக இருக்கும் டப்பா அன்றைக்கு ஏனோ இல்லை.

மத்தியானம் மனைவி அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டாள். கல்யாணமானதிலிருந்து அங்கே அவள் கால் வைத்ததில்லை. உலைக்காரர் அப்போதுதான் மூசைக்குள் மணலைக் கொட்டிக் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இதுதான் நீங்க சொல்ற மணலா?"

"தொடாதே."

"நான் எதுக்குத் தொடறேன்? கையைக் கழுவிட்டு வாங்க, ஆறிப்போகுது."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். சாப்பிட்டார். அவள் டப்பாவைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மூசையைத் திறந்தார். மணலை விரலால் விலக்க விலக்கக் கற்கள் ஒவ்வொன்றாகத் தலை காட்டின. சில வெளிறிப் போயிருந்தன. சில இளமஞ்சள். கடைசியில் ஒன்று வந்தது. அதை உலைக்காரர் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். அடியில் தேன், நடுவில் நெருப்பு, நுனியில் சூரியன் இறங்கிப்போன பிறகும் வானத்தில் மிச்சமிருக்கும் அந்த வெளிச்சம். இத்தனை காலம் உலைக்கு முன்னால் வெந்தும் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. அடுத்த மேசைக்காரர் எழுந்து வந்தார். கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளியும் வந்தார்.

"மூலை உடைஞ்சிருக்கே, எவனும் வாங்கமாட்டான்" என்றார் முதலாளி பெருமூச்சோடு. "வழக்கம்போல நீயே எடுத்துட்டுப் போ."

நிறத்தைப் பார்த்த கண், உடைசலைப் பார்த்தும் பார்க்கவில்லை. இன்றைக்காவது அவளுக்குப் புரியட்டும், கட்டிக்கொண்டவன் செய்கிற வேலை என்னவென்று புரியட்டும் என்று உலைக்காரர் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். கல்லை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"பாரு. என் கையால ஆனது."

அவள் பார்த்தாள். உண்மையாகவே பார்த்தாள். கண் கலங்கினதுபோல்கூட இருந்தது. பிறகு வாசலுக்குப் போனாள்.

"டெய்லர் சார், ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க."

உப்பு டப்பாவைக் கொண்டுவந்து தாளில் கவிழ்த்தாள். உப்புதான் இருந்தது. கல்லைத் திருப்பி, எலி கடித்த மூலையைக் காட்டினாள். உலைக்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"இது மோசடி."

"ஊதாவா இருந்த கல்லைச் சுட்டு மஞ்சளாக்கினா மோசடியா? அப்ப உங்க பட்டறைக்கு என்ன பேரு?"

தையல்காரர் குண்டூசியை வாயிலிருந்து எடுத்தார். "எப்படி ஆனாலும்னுதான் சொன்னீங்க. நான் கேட்டேன்."

"இது என்கிட்டயே திரும்பி வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உடைஞ்ச கல்லு வீட்டுக்குத்தானே வரும்? அலமாரி நிறைய அதானே இருக்கு. அதனாலதான் குழவியால ஒரு தட்டுத் தட்டினேன்."

"நான் சொல்றது எதையும் நீ கேக்கறதே இல்லையேடி."

"சோறு போடறப்பல்லாம் கேட்டுட்டுத்தானே இருந்தேன். மெதுவா ஏத்தணும், மெதுவா ஆத்தணும், அவசரப்பட்டா விரிசல் விடும். ஒப்பிக்கட்டா இன்னும்?"

உலைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூசையைத் திறந்தபோது நின்ற மூச்சு மறுபடி நின்றது.

அன்று சாயங்காலமே இருவரும் போனார்கள். மச்சான் காலை நீட்டியபடியே, "வாங்க மாப்பிள்ளை" என்றார். அவர் கையாலேயே ஃப்ளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். டீ நன்றாகவே இருந்தது, அதுவும் உலைக்காரருக்குப் பிடிக்கவில்லை. மனைவி மஞ்சள் கல்லை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள்.

மச்சான் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பிடித்தார்.

"மாப்பிள்ளை, இது உங்க கோபமா? இவ்வளவு அழகாவா இருந்தது?"

எத்தனை வருஷமாக இந்த மனிதர் தன் வேலையை இப்படிப் பார்க்க வேண்டும் என்று உலைக்காரர் காத்திருந்தார். 'நான் வறுத்தது' என்று சொல்ல வாயைத் திறந்தார். மனைவி அவரைப் பார்த்தாள். டீயைக் குடித்தார்.

"எனக்கும்தான் ஒண்ணு குடுத்தா தங்கச்சி" என்று மச்சான் தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு ஊதாக் கல்லை எடுத்தார். "அன்னிக்குக் கல்யாண வீட்டுல சொல்லாமக் கொள்ளாம தட்டை வெச்சுட்டுப் போனீங்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகலை. இது மஞ்சளாகற அன்னிக்குத்தான் உங்க வீட்டுக்கு வருவேன்னு சொல்லியிருக்கேன்."

"குடுங்க அண்ணா, உப்புல வெச்சுத் தர்றேன்" என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

தெருமுனை திரும்பியதும் அதைக் கணவரின் சட்டைப்பையில் போட்டாள். உலைக்காரர் தொட்டுப் பார்த்தார். மூலையில் சின்னதாக ஓர் உடைசல்.

"நாளைக்குச் சூட்டைக் கொஞ்சம் மெதுவா ஏத்துங்க" என்றாள். "அண்ணன் கோபம், விரிசல் விட்டுடப் போகுது."