பன்னிரண்டு ஹேர்னியாக்களும் ஒரு பேராசிரியரும்

கடல் கடந்து வந்து மன்னாருக்கு அறிவு வழங்கியவர்களின் வரிசை மிக நீண்டது. போர்த்துக்கீசர் வேதம் தந்தார்கள். ஒல்லாந்தர் கந்தோர் என்னும் அலுவலகம் தந்தார்கள். ஆங்கிலேயர் படிவம் தந்தார்கள். அந்த வரிசையின் கடைசியிலும் உச்சியிலும் நிற்பவர் பேராசிரியர் லார்ஷன். அவர் நுளம்புவலை தந்தார்.

ஹேர்னியா என்பது அடிவயிற்றுத் தசை விலகி, குடல் ஒரு முடிச்சாக வெளியே தள்ளுவது. கடலில் வலை இழுக்கிறவர்களுக்கு அதிகம் வரும். குடலை உள்ளே தள்ளி, விலகிய இடத்தில் ஒரு வலைத்துண்டை வைத்துத் தைக்க வேண்டும். அந்த வலை வாங்க வக்கற்ற ஏழை நாடுகளில், கொசு கடிக்காமல் கட்டும் நுளம்புவலையை அவித்துக் கிருமி நீக்கி அதைக் கொண்டே தைக்கலாம் என்பதை ஐந்து நாட்களில் இலவசமாகக் கற்பிப்பதுதான் பேராசிரியரின் தொண்டு.

எங்கள் ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம், அது நீடு வாழட்டும்) ஒரேயொரு சேர்ஜன், அதாவது சத்திரசிகிச்சை நிபுணர், இருந்தார். டொக்டர் றிஸ்லான். பதினாறு வருடங்களில் இரண்டாயிரம் ஹேர்னியாக்களுக்கு மேல் தைத்தவர். அதற்கென்றே செய்த நல்ல வலை களஞ்சியத்தில் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. இருந்தாலும், ஒருவர் இவ்வளவு தூரம் பறந்து வந்து கற்பிக்கும்போது, ஏற்கெனவே தெரியும் என்று சொல்வது விருந்தோம்பல் ஆகாது.

வரவேற்புக் குழு அமைக்கப்பட்டது. மாதர் சங்கத்தின் சார்பில் நானும் அதில் ஓர் அங்கத்தவர். பேராசிரியர் அனுப்பிய கடிதத்தை நிர்வாக உத்தியோகத்தர் மதுஷிகா எழுந்து நின்று வாசித்தார். பன்னிரண்டு ஹேர்னியாக்கள் தேவை. பெரியவையாகவும் சிக்கலற்றவையாகவும் ஒத்துழைக்கும் மனமுள்ளவையாகவும் இருக்க வேண்டும்.

அங்கேதான் இடித்தது. ஊரில் அவ்வளவு ஹேர்னியா மிச்சம் இல்லை.

"டொக்டர், நீங்கள் கொஞ்சம் நிதானமாச் செய்திருக்கலாம்," என்றார் மதுஷிகா. குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான்.

"அடுத்தமுறை கவனிக்கிறன்," என்றார் டொக்டர்.

ஆழ்ந்த ஆலோசனைக்குப் பிறகு தீர்மானம் பிறந்தது. பேராசிரியர் வரும்வரை இரண்டு மாதத்துக்கு ஒரு ஹேர்னியாவையும் தைப்பதில்லை. அந்த இரண்டு மாதத்துக்குச் 'சேகரிப்புக் காலம்' என்று பெயர்.

"இது காத்திருக்க வைக்கிற வருத்தமில்லை," என்றார் டொக்டர் றிஸ்லான். "வெளிய வந்த குடல் இறுகினால் அதுக்கு இரத்தம் ஓடாது. ஆறு மணித்தியாலம். அதுக்குள்ள வெட்டோணும். பிந்தினால் குடல் செத்துப்போம், பிறகு ஆளும்தான்."

"இறுகினால் நீங்கள் இருக்கிறீங்கள்தானே டொக்டர்!" என்றார் மதுஷிகா.

அறிவியல்பூர்வமான பதில். எல்லோரும் கை உயர்த்தினோம். என்னுடைய கை கொஞ்சம் உயரமாகவே நின்றது.

வீட்டுக்கு வந்து இன்பாஸிடம் சொன்னேன். இன்பாஸ் என் கணவர். பேசாலைக் கரையில் நாற்பது வருடம் வலை இழுத்ததற்கு ஊதியமாக வலது பக்கத்தில் ஒரு ஹேர்னியா வைத்திருந்தார். டொக்டர் றிஸ்லான் அடுத்த செவ்வாய்க்கிழமை தைப்பதாக நாள் கொடுத்திருந்தார்.

"என்ர வயித்தைப் பற்றி என்னைக் கேளாமலே தீர்மானம் எடுத்துப்போட்டு வந்து நிக்கிறாய், என்ன?"

"ரெண்டு மாசம்தானப்பா. வெளிநாட்டுப் பேராசிரியரின்ர கையால எல்லோ!"

"இந்தியாக்காரன் மீனுக்குத் தடைக்காலம் போடுற மாதிரி என்ர ஹேர்னியாவுக்கும் போட்டாச்சு," என்றார். "பெருகட்டும், பெருகட்டும்."

ஆனால் உள்ளுக்குள் பெருமைதான். கரையில் யாராவது சுகம் விசாரித்தால், "நான் இப்ப சும்மா வருத்தக்காரன் இல்லை, பாடப்புத்தகம்," என்று சொல்லித் திரிந்தார்.

பதிவு செய்ய மதுஷிகா வீட்டுக்கு வந்தார். விளக்கம் தருவதற்கென்று நுளம்புவலையில் ஒரு துண்டும் கொண்டுவந்தார். இன்பாஸ் அதை வெளிச்சத்தில் பிடித்து, வலைக்கண்ணை விரலால் அளந்தார்.

"மகள், இது தடைசெய்த கண் எல்லோ! ஃபிஷரிஸ்காரன் கண்டால் வலையையும் பறிச்சு ஆளையும் கோட்டில ஏத்துவான்."

"அங்கிள், இது உள்ளுக்கு வைச்சுத் தைக்கிறது."

"உள்ளுக்கு வைச்சாலும் சட்டம் சட்டம்தானே?"

மதுஷிகா அதைக் குறித்துக்கொண்டார். இன்பாஸுக்கு முதலாம் இலக்கம் கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி, முதல் பாடம். இரண்டு மாதம் கழிந்ததும், அதற்கு முந்திய சனிக்கிழமையே அவரை வாட்டில் படுக்க வைத்து, கட்டில் தலைமாட்டில் 'பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டது' என்று சிவப்பு எழுத்தில் அட்டை தொங்கவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரர் பொறாமைப்பட்டார்.

இதற்கிடையில் இன்னொரு கடிதம். தம்மை விமானநிலையத்தில் ஒரு சக நிபுணர் வரவேற்பதே மரபு என்று பேராசிரியர் எழுதியிருந்தார். மன்னாரில் சக நிபுணர் ஒருவர்தான்.

"நான் போனால் இஞ்ச ஆர் நிக்கிறது?" என்றார் டொக்டர் றிஸ்லான்.

"ஒரு ஞாயிற்றுக்கிழமைதானே டொக்டர். வெறும் ட்ரைவரை அனுப்பினால் ஊருக்கு மரியாதை இல்லை."

ஆக, மாவட்டத்தில் ஹேர்னியா தைக்கத் தெரிந்த ஒரே மனிதர், தமக்கு ஹேர்னியா தைக்கக் கற்பிக்கப்போகிறவரை ஏற்றிவர, சனிக்கிழமை இரவே கையில் பூச்செண்டோடு கட்டுநாயக்கா விமானநிலையத்துக்குப் போனார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு இன்பாஸுக்கு வலி தொடங்கியது. முடிச்சு கல்லாகிவிட்டது. தள்ளினால் உள்ளே போகவில்லை. பச்சையாக வாந்தி எடுத்தார். கடமையில் இருந்த இளம் டொக்டர் வந்து பார்த்தார், உடனே டொக்டர் றிஸ்லானுக்குப் போன் எடுத்தார். போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மதுஷிகாவுக்கு எடுத்தார்.

"முதலாம் இலக்கமோ? ஐயோ, அவரை வேற எங்கயும் அனுப்பாதேங்கோ. நிகழ்ச்சிநிரல் அச்சடிச்சாச்சு. பத்து மணிக்கு ரெண்டு பேரும் வந்திருவினம்."

பத்து மணிக்கு வரவில்லை. பேராசிரியர் வழியில் அநுராதபுரத்தைப் பார்க்க விரும்பினார் என்று பின்னர் அறிந்தோம். பண்பாட்டை மதிக்கும் மனிதர்.

"இஞ்சரப்பா," என்றார் இன்பாஸ், என் கையை நெரித்துக்கொண்டு. "பாடப்புத்தகம் கிழியுது."

பதினொரு மணிக்கு அந்த இளம் டொக்டர் யாரையும் கேளாமல் அம்புலன்ஸ் எடுத்தார். வவுனியா பெரியாஸ்பத்திரிக்கு. நானும் ஏறினேன். பதினொன்றரைக்கு முருங்கன் சந்தி. எதிரே ஒரு வெள்ளை வான். முகப்பில் 'அறிவைப் பகிர்வோம்' என்று துணிப் பதாகை. முன் ஆசனத்தில் டொக்டர் றிஸ்லான், மடியில் கொப்பி, கையில் பேனா.

"யாகப்பர் அண்ணை, நிப்பாட்டுங்கோ! அந்தா, டொக்டர் அதுக்குள்ள!"

"தங்கச்சி, இடையில நிப்பாட்ட ஏலாது. படிவத்தில வவுனியா எண்டு கிடக்கு," என்றார் சாரதி யாகப்பர், சைரனை இன்னும் கொஞ்சம் கூட்டியபடி.

வான் மிகுந்த மரியாதையோடு தெருவோரம் ஒதுங்கி நின்றது. ஆறு மணித்தியாலம் முடிய இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

வவுனியாவில் வெட்டித்தான் பார்த்தார்கள். குடல் கறுத்திருந்தது. திங்கட்கிழமை விடியும்போது இன்பாஸ் போய்விட்டார்.

பயிற்சி குறித்தபடி நடந்தது. பதினொரு ஹேர்னியாக்கள், பதினொரு நுளம்புவலைத் துண்டுகள். வெற்றி நூறு வீதம் என்று அறிக்கை சொல்கிறது. கூட்டிப் பார்த்தேன், பிழை இல்லை. இன்பாஸ் எந்த நிரலிலும் இல்லை. சத்திரசிகிச்சைக்கு 'வருகை தரவில்லை' என்று அடிக்குறிப்பில் மட்டும் இருக்கிறார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பின்னேரம் டொக்டர் றிஸ்லான் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

"முருங்கனில உங்கட அம்புலன்ஸைக் கண்டனாங்கள்," என்றார். "நீங்கள் எண்டு தெரியாது."

"நானும் கண்டனான் டொக்டர். ஏன் போன் வேலை செய்யேல்லை?"

"வகுப்பு நேரத்தில போன் கூடாதெண்டு பேராசிரியர் சொன்னவர். வகுப்பை அவர் வானுக்குள்ளயே தொடங்கீற்றார்."

"என்ன பாடம்?"

அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இறுகின ஹேர்னியா."

அவரே தொடர்ந்தார்.

"சைரன் கேட்டு வான் ஒதுங்கினது. அப்ப அவர் உங்கட வண்டியைக் காட்டினவர். 'உதாரணத்துக்கு, அதுக்குள்ள அப்பிடி ஒரு நோயாளி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. இந்த நிமிசம் அவருக்கு என்ன தேவை?' எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கிட்ட நிக்கிற ஒரு சேர்ஜன் எண்டன்."

மிகச் சரியான விடை. பேராசிரியர் மகிழ்ந்துபோய் முழுப் புள்ளி போட்டாராம். அம்புலன்ஸ் கடந்து போனதும் வான் மீண்டும் தெருவில் ஏறியது. இரண்டு சத்திரசிகிச்சை நிபுணர்களும் இரண்டாம் கேள்விக்குப் போனார்கள்.