புல்லும் புள்ளும் ஒரு மிதிபடகும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதினேன். என் வலது செருப்பு குளத்துக்குள் கிடக்கிறது. அங்கே நீங்களும் தங்கையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இருந்தால்தான் நான் நிம்மதியாக உங்களைத் திட்ட முடியும்.

"முட்டி ஆபரேஷன் ஆனதுலேர்ந்து நாலு மாசமா அக்கா வீட்டுக்குள்ளேயே கிடக்கா, பூங்காவுக்கு ஒரு நடை கூட்டிட்டுப் போங்க அத்தான்" என்று போனில் சொன்னது நீங்கள்தானே? காலை மடக்கப் பழக்குவதற்கு ஆள் வந்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். என்னோடும் பேச்சில்லை. நான் "சாப்பிட்டியா" என்பேன், அவள் "ம்" என்பாள். அவ்வளவுதான் எங்கள் குடித்தனம். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

பூங்காவைக் குறை சொல்ல மாட்டேன். ரோஜாவில் மட்டுமே அறுபது வகை. ஆனால் முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் கண் பூவிலா நிற்கும்? புல்வெளி நடுவில் ஒரு பலகை: 'புள்ளை மிதிக்காதீர்'. புள் என்றால் பறவை, மாப்பிள்ளை! எந்தப் பாவி பறவையை மிதிக்கப் போகிறான்? உங்கள் அக்காவைப் பெஞ்சில் உட்காரவைத்து, "ரெண்டே நிமிஷம், அசையாதே" என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பென்சிலோடு இறங்கினேன். 'ள'வை அடித்து 'ல' போடுவதற்குள் விசில் சத்தம். காவலாளி ஓடிவந்தார்.

"பெரியவரே, போர்டுல எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?"

"படிச்சதாலதான்யா இறங்கினேன்!"

அது அவருக்குப் புரியவில்லை. அலுவலக அறைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த மேற்பார்வையாளருக்கு நான் 'ல', 'ள' வித்தியாசத்தை விளக்கி, அவர் "சரி சார், தயவுசெஞ்சு கிளம்புங்க" என்று கும்பிட்டு அனுப்புவதற்குள் முக்கால் மணி நேரம். வந்து பார்த்தால் பெஞ்சு காலி. ஊன்றுகோல் மட்டும் சாய்ந்து நிற்கிறது. கள்ளிச்செடிக் கூடம், மூங்கில் பாதை, பெண்கள் கழிப்பறை வாசல் வரை தேடினேன். கழிப்பறை வாசலில் வாங்கிய திட்டைத் தனியாக எழுதுகிறேன். நாலு மாதமாக அவளோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசாமல் போனேனே என்று அப்போதுதான் உறைத்தது. அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி அலறுகிறது: "வழுக்கைத் தலை, நீலச் சட்டை, கையில் சிவப்புப் பென்சில். இந்த அடையாளமுள்ள பெரியவரைக் காணவில்லை. கண்டவர்கள் படகுத்துறைக்கு அழைத்து வரவும்." யாரோ நாலு பேர் "இதோ கிடைச்சுட்டார்!" என்று கத்தி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

அங்கே உங்கள் அக்கா மிதிபடகில்! பக்கத்தில், பெஞ்சில் பழக்கமான ஒரு நர்ஸம்மா. மடங்கவே மடங்காத அந்த முட்டி, தையல் மிஷின் மாதிரி ஓடுகிறது. "ஏங்க, எங்கேங்க தொலைஞ்சு போனீங்க? வாங்க, ஏறுங்க!" என்றாள். படகு கரைக்கு வந்ததும் நர்ஸம்மா இறங்கி இடம்விட்டார். நான் ஒரு காலைப் படகில் வைத்தேன், படகு நகர்ந்தது, மறுகால் கரையிலேயே யோசித்துக்கொண்டு நின்றது. அப்புறம் தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் ஆழம்தான், ஆனால் உட்கார்ந்தால் கழுத்துவரை. உங்கள் அக்கா சிரித்தாள் மாப்பிள்ளை. படகே ஆடும்படி, கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்கச் சிரித்தாள். எழுந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடுமோ என்று நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

அதற்காக? அறுபத்திரண்டு வயதில் நாலு பேர் முன்னால் இந்த மானக்கேடு எனக்குத் தேவையா? இனி அந்தப் பூங்கா இருக்கும் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். உங்கள் அக்காவோ தினமும் போகணும் என்கிறாள். நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். உடனே கண்டித்து நாலு வரி எழுதுங்கள்.

தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகள் பிழையின்றி வளர ஆசிகள்.

இப்படிக்கு,
தும்மிக்கொண்டிருக்கும்
அத்தான்

பின்குறிப்பு: கண்டித்து எதுவும் எழுதிவிடாதீர்கள். இதை உறையில் போடும்போது உங்கள் அக்கா கோல் இல்லாமல் சமையலறையிலிருந்து நடந்துவந்து, "மணி நாலாச்சு, அஞ்சரைக்குப் படகை நிறுத்திடுவாங்க, இன்னும் என்ன எழுத்து?" என்றாள். மேலே எழுதியதெல்லாம் ரத்து. கிளம்பிக்கொண்டிருக்கிறேன். அவசியப்பட்டால் இன்னொரு தடவையும் விழுவேன். அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.