கல்யாண நாளுக்கு நான்கு விரல்

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு, மாடியறையிலிருந்து மகன் எழுதுவது.

இங்கே அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அத்தான் நலம். நான் நலம். அக்கா உங்கள் வீட்டில் இருப்பதால் அவள் நலத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அக்கா ஏன் கோபித்துக்கொண்டு வந்தாள், கேட்டால் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்று போனில் கேட்டீர்கள். நடந்ததை நடந்தபடி எழுத்தில் அனுப்பு, திருப்தியாக இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வேனோடு வந்து அவளுடைய தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விடுவேன் என்றீர்கள். மெஷின் போனால் அக்கா திரும்ப மாட்டாள். எனக்குத் தெரியும். அத்தானுக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டு. ஞாயிறு மதியங்களில் சாப்பாட்டு மேசையில் நாங்கள் ஆடுவது சீட்டு இல்லை. ஒருவன் கதை சொல்வான். அது நான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். அவரவர் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். யார் ஜெயிப்பார்கள் என்று கேட்பீர்கள். யாரும் ஜெயிப்பதில்லை. தோற்பதும் இல்லை. இந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைக்கத் தோன்றும். தயவுசெய்து வைக்க வேண்டாம்.

ஆடுபவர்கள் மூன்று பேர். அத்தான். கீழ்வீட்டுப் பல் டாக்டர், நிதானமான பெண்மணி. அப்புறம் மொட்டை: என் நண்பன், எலக்ட்ரீஷியன், பெயருக்கு மாறாகத் தலை நிறைய முடி.

வினையை நான்தான் கொண்டுவந்தேன். கடையில் வாங்கிய விளையாட்டுப் புத்தகத்தின்படி மந்திரப் பொருள்கள் குகைகளில் கிடக்கும், பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். அவற்றை ஆடுபவர்களே செய்துகொள்ளும்படி நாமாக விதிகள் எழுதினால் என்ன என்று தோன்றியது. வேலியில் போன ஓணான். மடியைக் காட்டியவன் நான்.

முதல் விதி எளிமையானது. இரும்பும் மூலிகையும் அவகாசமும் இருந்தால் யாரும் எதையும் செய்யலாம். மறுவாரமே மூவரும் பட்டறை வைத்துவிட்டார்கள். மலைமேல் ஒரு அரக்கன் ஊரைக் கொளுத்தப்போவதாக மிரட்டிக்கொண்டிருக்கிறான், இவர்கள் அடிவாரத்தில் எரியும் வாள் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், பல் டாக்டர் காயம் ஆற்றும் மருந்தைப் பாட்டில் பாட்டிலாக அடைக்கிறார், மொட்டை பறக்கும் செருப்புத் தைக்கிறான், ஊரார் எல்லோரும் வாங்கி முடித்ததும் இவர்கள் ஒருவருக்கொருவர் விற்கத் தொடங்கினார்கள், கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான், "அரக்கன் வாசலுக்கே வந்துட்டான்" என்று நான் கத்துகிறேன், பல் டாக்டர் தலையைத் தூக்காமல் "அப்பாயின்ட்மெண்ட் இருக்கா?" என்கிறார்.

இரண்டாவது விதியில் பகடையைச் சேர்த்தேன். எண் குறைவாக விழுந்தால் செய்கிற பொருள் வெடிக்கும். மொட்டையின் செருப்பு வெடித்தது. மறுபடியும் வெடித்தது.

"டேய், நான் நெசமாவே கரண்ட் வேலை பாக்கறவன். வாரம் பூரா எதுவும் வெடிக்காம பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை இங்க வந்து வெடிக்கணுமா?" என்றான்.

நியாயம்.

அதனால் மூன்றாவது விதி. நிறைய யோசித்தேன். ஒரு பொருளுக்கு எது மந்திரத்தைத் தருகிறது? அதற்காக நாம் விட்டுக்கொடுத்தது. இழப்பு. மாடியறையில் தனியாக இருக்கும்போது இது ஆழமாகப் பட்டது. செய்கிறவர் தன் நினைவு ஒன்றைப் பொருளுக்குள் போட வேண்டும்; போட்டது போனதுதான்; பிறகு அதைப் பற்றி அவர் வாய் திறக்கக் கூடாது. வேடத்தின் நினைவு என்று நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். எல்லோரும் சொந்த நினைவுகளைக் கொண்டுவந்தார்கள்.

அத்தானின் வேலை உங்களுக்குத் தெரியும். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போடுகிறவர். "கனமான நெனவும் லேசான நெனவும் ஒண்ணா? எடை வேணுமில்ல?" என்றார். எடை போடும் வழியையும் அவரே சொன்னார். ஒருவர் நினைவைச் சொல்ல, மற்றவர்கள் ஒரே சமயத்தில் விரல்களைக் காட்டுவது. பத்துக்கு எத்தனை. சராசரிதான் பொருளின் சக்தி. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

அன்றைக்கு அத்தானுக்கு ஒரு கேடயம் தேவைப்பட்டது. இருப்பதிலேயே கனமான நினைவாகப் போட வேண்டும் என்று கல்யாண நாளைப் போட்டார். இதைக் கவனியுங்கள் அப்பா. கனமானது எது என்று கேட்டதும் அவருக்கு அதுதான் வந்தது. ஆனால் சொன்ன விதம். ஆய்வு அறிக்கை வாசிப்பதுபோல. "கூட்டம் இருந்தது. சாப்பாடு இருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னாங்க. பேனா எழுதல. வேற பேனா குடுத்தாங்க. எழுதிச்சு." அவ்வளவுதான். பல் டாக்டர் நான்கு விரல். மொட்டை மூன்று. நான் சொந்தக்காரன், ஐந்து. சராசரி நான்கு. என் பட்டியலின்படி நான்குக்குக் கேடயம் கிடைக்காது. சூடு ஆறாத ஒரு கரண்டி கிடைக்கும்.

விரல்கள் இன்னும் இறங்கவில்லை. டீத்தட்டோடு அக்கா வந்தாள்.

"எத எண்ணிக்கிட்டிருக்கீங்க?"

அத்தானுக்குப் பொய் வராது. "நம்ம கல்யாணத்த."

"எவ்ளோ வந்துச்சு?"

"நாலு."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கேடயம் வேண்டுமே என்று அவர் இன்னொரு நினைவை எடுத்தார். மீன் கடையில் ஒருமுறை தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கண்டுபிடித்தாராம். இதை உட்கார்ந்து சொல்லவில்லை. எழுந்து நின்று, குரலைத் தாழ்த்தி, தட்டை எப்படித் தொட்டார், கடைக்காரர் முகம் எப்படி வெளுத்தது, காந்தம் விரலில் எப்படி வந்து ஒட்டியது என்று நடித்தே காட்டினார். மொட்டை இரண்டு கைகளையும் தூக்கினான். பல் டாக்டரும் தூக்கினார். நான் ஒரு விரலை மடக்கினேன். எதற்கு என்று தெரியாது, மரியாதைக்காக.

"காந்தத்துக்குப் பத்தா?" என்றாள் அக்கா.

"ஒம்பதே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி" என்றார் அத்தான்.

அவள் தட்டை மேசைமேல் வைத்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். ஆட்டம் முடியும் முன்பே பையோடு கிளம்பிவிட்டாள்.

அடுத்தது நீங்களே அறிந்தது. அன்று மாலை போன் செய்து, "கல்யாணத்தன்னிக்கு எனக்கு என்ன வாக்குக் குடுத்தீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள். "அது எனக்கு நெனவில்லைங்க மாமா" என்று அவர் சொன்னார். அது திமிர் இல்லை. மூன்றாவது விதி. போட்ட நினைவு போனதுதான்.

போனை வைத்ததும் கேட்டேன். "அப்பாகிட்ட போய் இப்படிச் சொல்லலாமா அத்தான்?"

"விதி எழுதினது நீதான?"

"அது வெளையாட்டுக்கு."

"தராசு கடையில ஒரு எடை, வீட்டுல ஒரு எடை காட்டுமா? காட்டினா நான் முத்திரை போடுவேனா?"

அதற்குமேல் அவரிடம் பேச முடியாது. உங்களுக்கும் தெரியும்.

அவர் கவலையில்லாமல் இருக்கிறார் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆபீஸிலிருந்து வந்ததும் மெஷின் முன்னால் உட்காருகிறார். தூசி துடைக்கிறார். அவள் வரும்போது மெஷின் நன்றாக ஓட வேண்டும் என்று நேற்று எண்ணெய் விட்டார். எந்த ஓட்டையில் விடுவது என்று தெரியாததால் எல்லா ஓட்டையிலும் விட்டார். ஊசியில் பாதி தைத்தபடி இருந்தது பல் டாக்டரின் ரவிக்கை. இப்போது பல் டாக்டரும் எங்களோடு பேசுவதில்லை. மொட்டைக்குக் கடைவாய்ப் பல் வலி. சிபாரிசுக்கு என்னிடம் வருகிறான்.

ஆகவே நான்காவது விதி எழுதியிருக்கிறேன். மந்திரப் பொருளை உடைத்தால் உள்ளே போட்ட நினைவு திரும்பி வரும். உடைக்கும்போது, அந்த நினைவில் பங்குள்ள இன்னொருவர் மேசையருகே நின்று முழுவதையும் சொல்ல வேண்டும். இந்த விதி ஏற்கெனவே செய்த பொருள்களுக்கும் செல்லும் என்று அத்தானிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். கரண்டியை உடைக்கும்போது அக்கா வந்து அந்த நாளைச் சொன்னால் போதும். அவருக்கு எல்லாம் நினைவு வந்துவிடும். உங்களுக்குக் கொடுத்த வாக்கும் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வேனைக் கொண்டுவராமல் அவளை மட்டும் அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் முழங்காலுக்கும் கோபத்துக்கும் ஓய்வு வேண்டி,
பணிவுடன்,
மகன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது அக்காவே வந்துவிட்டாள். காய்கறி வாங்கிவருவதாக உங்களிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். காத்திருக்க வேண்டாம். மேலே உள்ளதை மாடிப்படியில் உட்கார்ந்து முழுக்க வாசித்தாள்.

"நாலே அதிகம்" என்றாள். "நான் மூணு போட்டிருப்பேன். அன்னிக்குப் பூரா செருப்பு கடிச்சுது."

"அப்ப எதுக்குக்கா கோவிச்சுக்கிட்டுப் போன?"

"ரெண்டு வருஷமா டீ கொண்டாந்து வைக்கிறேன். ஒரு வாட்டியாவது, நீயும் உக்காருன்னு எவனாவது சொன்னீங்களா? வெளையாட்டுல சேத்துக்கலன்னு வந்தேன்னு அப்பாகிட்ட எப்படிடா சொல்றது? எனக்கு முப்பத்தொரு வயசு."

நான்கு விதிகளும் வீண். உடனே எல்லோரையும் கூப்பிட்டோம். ரவிக்கைக்கு அக்கா பொறுப்பேற்றதால் பல் டாக்டரும் வந்தார். அக்கா திருடி வேடம் கேட்டாள். டீ ஆறுவதற்குள் அத்தானின் கேடயம், பல் டாக்டரின் மருந்து, கடைசியில் அரக்கனின் கிரீடம் வரை அவள் பையில். இனி யாரும் எதையும் செய்யப்போவதில்லை. வேண்டியதை அவளிடம் சொன்னால் எடுத்துவந்து தருகிறாள். அத்தான் ஆட்டத்தை விட்டு அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வரலாம். வேன் கிடைத்தால் அதில் ஒரு நாற்காலி ஏற்றி வாருங்கள். இங்கே நான் நின்றுகொண்டு கதை சொல்கிறேன்.