அறுபடாத லைன்

ஆபீஸ் கூட்டத்தின் நடுவில் மறுபடியும் நெட் லைன் போயிற்று. கம்ப்யூட்டர் திரையில் மேனேஜர் வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றுவிட்டார். 'சிவப்பு மை' என்று பட்டப்பெயர் வாங்கியவர், நாற்காலியைத் தள்ளிவிட்டு வீட்டுக் கூடத்துக்கு ஓடினார்.

ஜன்னலோரம் இருந்த இணையப் பெட்டியில் விளக்குகள் அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண் விழித்துக்கொண்டிருந்தன. பக்கத்துக் கட்டிலில் அவருடைய மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, கரண்ட் போச்சா?"

"என்னது?"

"கரண்ட்! கரண்ட்!"

"ஆமாம் மாப்ள, மழை வரும்போலதான் இருக்கு," என்றார் மாமனார், தெருவுக்கே கேட்கும்படி. காது மந்தமானவர். அவர் ரகசியம் பேசினாலும் மாடி வீட்டில் பதில் சொல்வார்கள்.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "தினம் தினம் இந்த அவஸ்தை எதுக்குங்க? பேசாம ஆபீஸுக்கே போயிடுங்களேன். உங்க உடம்புதான் கெடுது."

அவளுடைய கரிசனம் அவர் நெஞ்சைத் தொட்டது. ஆனால் ஆபீஸ் என்றதும், காதில் விழாதது போல அறைக்குத் திரும்பினார்.

காப்பீட்டுக் கம்பெனிக்கு வரும் விண்ணப்பங்களில் தப்புக் கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். நாளடைவில் அது உத்தியோகமாக மட்டும் நிற்காமல் குணமாகவே ஆகிவிட்டது. வணக்கம் சொன்னவனிடம் கூட, "போன தடவை இதைவிடத் தெளிவா சொன்னீங்க," என்பார். ஆபீஸில் அவருக்குச் 'சிவப்பு மை' என்று பெயர் வைத்ததும் அதனால்தான். அதை அவர் ஒரு விருதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். ஒன்றுதான் அவருக்குப் புரியவில்லை. மதியம் அவர் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் மற்றவர்கள், "இப்பத்தான் சார் சாப்பிட்டோம்," என்று எழுந்து போய்விடுவார்கள். வருஷக்கணக்காகத் தனியாகத்தான் சாப்பிட்டார்.

வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி சொன்னபோது அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. மகளை அதுவரை அவர் பெரும்பாலும் தூங்கும்போதுதான் பார்த்திருந்தார். கிளம்பும்போது அவள் எழுந்திருக்க மாட்டாள், திரும்பும்போது படுத்திருப்பாள். இப்போது அவள் தோசை தின்பதையும் தலை வாருவதையும் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது. பார்த்து, திருத்தவும் முடிந்தது.

அந்தச் சுகத்துக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. லைன் அடிக்கடி அறுபடுகிறவர்கள் ஆபீஸுக்கே திரும்பிவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

அன்று மதியம் கேஷியர் அம்மா போன் செய்தாள். ஆபீஸில் அவருக்கு அடுத்த மேஜைக்காரி.

"சார், உங்க லைனை நெனச்சு எங்களுக்கெல்லாம் தூக்கமே இல்ல. எல்லாக் கம்பெனியையும் அலசிட்டேன். உங்க பழைய கம்பெனி சுத்தமா வேணாம். இன்னொருத்தன் வேகம் வேகம்னு பீத்திக்குவான், தூறல் விழுந்தா படுத்துடுவான். ஃபைபர் லைன் ஒண்ணு புதுசா வந்திருக்கு, அதைப் போடுங்க. நானே பேசி நாளைக்கே ஆளை அனுப்பச் சொல்றேன்."

"உங்களுக்கு எதுக்கும்மா இவ்வளவு சிரமம்?"

"சிரமமா? நீங்க வீட்டுல நிம்மதியா இருந்தாத்தான் சார் எங்களுக்கு நிம்மதி."

சிவப்பு மைக்குக் கண் கலங்கிவிட்டது. போனை வைத்துவிட்டு மனைவியிடம், "பாத்தியா, தங்கமான மனுஷங்க," என்றார். மனைவி வெங்காயத்தைக் கொஞ்சம் வேகமாக நறுக்கினாள்.

"துண்டு ஒரே அளவா இல்லையே," என்றார் அவர்.

ஃபைபர் வந்தது. மாட்ட வந்த ஆள் தன் போனில் வேகத்தைக் காட்டி, "சார், இதுல ஒரு ஊரே படம் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் கூட்டத்தில் சிவப்பு மை வாயைத் திறந்தார். லைன் போயிற்று.

வீட்டுக்குள்தான் ஏதோ கோளாறு என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே சட்டம் போட்டார். கூட்டம் நடக்கும்போது யாரும் போனைத் தொடக்கூடாது. மிக்ஸி ஓடக்கூடாது. குக்கர் விசில் அடிக்கக்கூடாது.

"விசிலுக்கும் நெட்டுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்டாள் மகள்.

"சம்பந்தம் இல்லேன்னு நிரூபிக்க முடியுமா?"

மாமனாருக்கு இருமல் வந்தால் கொல்லைப்பக்கம் போய் இருமிவிட்டு வர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. வீடு ஆஸ்பத்திரி மாதிரி அடங்கிப்போனது. ஆனால் இத்தனை நாளும் கூட்டத்துக்கு ஒரு தடவை போன லைன், இப்போது இரண்டு தடவை போக ஆரம்பித்தது.

சிவப்பு மை சோர்ந்துவிடவில்லை. பழைய கம்பெனிக்காரனையும் திரும்ப அழைத்து, இரண்டு லைனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒன்று போனால் இன்னொன்று இருக்குமே என்று கணக்குப் போட்டார். மறுநாள் இரண்டும் ஒன்றாகப் போயின.

இரண்டு கம்பெனி ஆட்களும் ஒரே நேரத்தில் வந்து வாசலில் மோதிக்கொண்டார்கள்.

"இவன் ஒயர் என் ஒயரைக் கெடுக்குது சார்."

"போடா, உன் பெட்டியே பழைய இரும்புக்குப் போக வேண்டியது!"

சண்டையில் ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்ததுதான் மிச்சம். இருவரும் தங்கள் தங்கள் பெட்டியைச் சோதித்துப் பார்த்து, குறை ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள்.

அன்று மேனேஜரே கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது. "நான் மேலிடத்துல உங்களுக்காக எவ்வளவோ கெஞ்சிட்டேன் சார். திங்கக்கிழமை கூட்டத்துக்கு அவங்களே வர்றாங்க. அன்னிக்கு லைன் அறுந்தா என் கையில ஒண்ணும் இல்ல. தயவுசெஞ்சு ஏதாவது பண்ணுங்க."

திங்கட்கிழமைக்கு இருந்த இரண்டு நாளும் சிவப்பு மைக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி அந்த மேஜை, மறுபடி அந்தத் தனிச் சாப்பாடு. மகள் குனிந்து பாடம் எழுதுவதை வாசற்படியில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து சாய்ந்திருந்தது. அன்று மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கேஷியர் அம்மா கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். தெருவிலிருந்து ஒயரே வராத பெட்டி, உள்ளேயே பேட்டரி, கரண்ட் போனாலும் கவலையில்லை. ஆபீஸில் எல்லாரும் சேர்ந்து வாங்கி அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பணம் தர முயன்றபோது, "எங்க அன்பளிப்பா வச்சுக்குங்க சார்," என்று சொல்லிவிட்டாள். பழைய பெட்டிகள் இருந்த ஜன்னலோரத்திலேயே அதையும் வைத்தார்கள்.

திங்கட்கிழமை கூட்டம் ஆரம்பித்தது. மேலிடத்து அதிகாரி கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். சிவப்பு மை பேசினார். லைன் அறுபடவில்லை. இன்னும் பேசினார். அதிகாரியின் அறிக்கையில் இருந்த இரண்டு தப்புகளையும் எடுத்துச் சொன்னார். அப்போதும் லைன் அசையவில்லை.

"லைன் பிரமாதமா இருக்கு," என்றார் அதிகாரி வேண்டாவெறுப்பாக. "நீங்க நிரந்தரமா வீட்டுலேயே இருந்துக்கலாம்."

திரையில் இருந்த முகங்கள் எல்லாம் மலர்ந்தன. யாரோ கைதட்டினார்கள். சிவப்பு மை கைகளைக் கூப்பினார். நன்றி சொல்ல வாயெடுத்தார்.

அப்போது கூடத்திலிருந்து மாமனாரின் ரகசியக் குரல், இரண்டு கதவுகளைத் தாண்டி, கணீரென்று வந்தது.

"ஏம்மா, கூட்டம் ஆரம்பிச்சிடுச்சு, இந்தப் பெட்டியில எந்த ஒயரை உருவணும்? ஒண்ணையும் காணோமே! இன்னிக்கு விட்டா மாப்ள ஆபீஸுக்குப் போகவே மாட்டார்னு சொன்னியே!"

"தாத்தா, மெதுவா!" என்று மகள் அலறுவது கேட்டது. "மூடியைத் திறந்து பேட்டரியைக் கழட்டுங்க!"

சிவப்பு மை திரும்பிப் பார்த்தார். அறை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் அவரைப் பார்க்கவில்லை, முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். ஊரார் விண்ணப்பங்களில் ஒளிந்திருக்கும் பொய்யையெல்லாம் மோப்பம் பிடித்தவருக்கு, தன் வீட்டுக் கூடத்தில் நடந்தது இத்தனை நாளும் தெரியவில்லை. அழுகை வந்தது. மகள் அந்த யோசனையைச் சொன்னதுதான் அதிகமாக வலித்தது.

அவர் மெல்லத் திரையின் பக்கம் திரும்பினார். கூடத்துப் பேச்சு அங்கே இருந்தவர்களுக்கும் கேட்டிருந்தது; எல்லா முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. சரி, போகட்டும். லைனுக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவர்கள், கைக்காசு போட்டுப் பெட்டி வாங்கி அனுப்பியவர்கள், அங்கேயாவது நாலு பேர் தன்மேல் பிரியமாக இருக்கிறார்களே.

"மேனேஜர் சார், நாளையிலேர்ந்து நான் ஆபீஸுக்கே வந்துடறேன்," என்றார் உடைந்த குரலில்.

மேனேஜர் பதில் சொல்வதற்குள் கேஷியர் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அந்தக் காது மந்தமான மாமனாருக்குக் கேட்கும்படி கத்தினாள்:

"ஐயா பெரியவரே, கும்பிட்டுக் கேக்கறேன், அந்தப் பேட்டரியில கைய வச்சுடாதீங்க! அவரை வீட்டோட வைக்க நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்!"